அஞ்சு ரோடு ரிசர்ச் சப்போர்ட் கடை: பைண்டிங்குக்கு போங்க, சைடேஷனுக்கு வேணாம்

தீசிஸ் பைண்டிங், ஆராய்ச்சி பேப்பர் ஃபார்மேட்டிங் எல்லாம் செஞ்சு தர்ற ஒரு கடையப் பத்தி எழுதறேன். கடை பேர் போட மாட்டேன், மொதல்லயே சொல்லிடறேன். போன வாரம் ஸ்டாஃப் வாட்சப் குரூப்ல லேசா ஒரு வரி தான் போட்டேன், அதுக்கே மூணு பேர் தனியா வந்து "மேடம், நம்ம பேப்பரும் அங்க தான் ஓடிட்டு இருக்கு, கொஞ்சம் பாத்து"ங்கறாங்க. சேலம் ஐந்து ரோடு சுத்துப்பட்டுல மாடிப்படி ஏறினா இந்த மாதிரி கடை ஒண்ணு ரெண்டு இல்ல, அதனால எதுன்னு தேடாதீங்க. தெரிஞ்சவங்களுக்கு படிக்கும்போதே தெரிஞ்சிடும்.

நான் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல அசிஸ்டண்ட் ப்ரொஃபசர், பன்னெண்டு வருஷம் ஆச்சு, பார்ட் டைம் பிஎச்டி அஞ்சாவது வருஷம், சப்ஜெக்ட் நெட்வொர்க்கிங். ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட்ல லோரா நோடு (கொஞ்ச பேட்டரியில ரொம்ப தூரம் சிக்னல் அனுப்பற சின்ன சென்சார் பொட்டி) கட்டி வெச்சு மண் ஈரம் பாக்கறேன், சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல மழை நாள்ல சிக்னல் எவ்வளவு விழுது, மஞ்சு இறங்கினா என்னாகுதுன்னு அளக்கறேன். பெரிய கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்லீங்க, ஆனா அளந்தது எல்லாம் நானே இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் அளந்தது, அதுல எனக்கு கொஞ்சம் திமிர் உண்டு.

இப்படி இருக்கறவ எதுக்கு அந்த கடைக்கு போனேன்னா, இந்த வருஷம் அப்ரைசல் ஃபார்ம்ல புதுசா மூணு கட்டம் போட்டுட்டாங்க. மொத்த சைடேஷன் எத்தனை, ஹெச் இண்டெக்ஸ் எத்தனை, ஐ டென் எத்தனை. தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொன்னா, உங்க பேப்பர அடுத்தவங்க தன் பேப்பர்ல மேற்கோள் காட்டுனா அது ஒரு சைடேஷன். உங்க பேப்பர்ல அஞ்சு பேப்பர் ஒவ்வொண்ணும் குறைஞ்சது அஞ்சு சைடேஷன் வாங்கியிருந்தா உங்க ஹெச் அஞ்சு, 2005-ல ஹிர்ஷ்னு ஒரு பிசிக்ஸ்காரர் கண்டுபிடிச்ச கணக்கு. ஐ டென், பேப்பர் தேடற கூகுள் ஸ்காலரோட சொந்த சரக்கு, குறைஞ்சது பத்து சைடேஷன் வாங்குன பேப்பர் எத்தனைன்னு எண்றது. எனக்கு மொத்த சைடேஷன் 11, ஹெச் 2, ஐ டென் சைபர். ஃபார்ம்ல சைபர்னு எழுதும்போது பேனா நிக்குது பாருங்க, அந்த நேரத்துல தான் பக்கத்து சீட்டு அக்கா இந்த கடை நோட்டீஸ நீட்டுனாங்க.

கடை ரெண்டாவது மாடி. கீழ பேக்கரி, முதல் மாடி வங்கிப் பரீட்சை கோச்சிங், அதுக்கு மேல இவங்க. போர்டுல "யுஜிசி கேர்"னு இருந்த இடத்துல புது ஸ்டிக்கர் ஒட்டி "ஸ்கோபஸ்"னு மாத்தியிருக்காங்க, ஓரத்துல பழைய எழுத்து இன்னும் எட்டிப் பாக்குது. கேர்ங்கறது யுஜிசி ஒத்துக்கிட்ட ஜர்னல் லிஸ்ட், ஸ்கோபஸ்ங்கறது பேப்பரையும் சைடேஷனையும் பதிஞ்சு வெக்கற பெரிய டேட்டாபேஸ். அந்த கேர் லிஸ்ட்ட யுஜிசி 2025-ல தூக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடியே 2022 ரெகுலேஷன்ல பிஎச்டி முடிக்க பேப்பர் போட்டே ஆகணும்ங்கற கண்டிஷனையும் எடுத்துட்டாங்க. மேல எடுத்தாலும் கீழ எடுக்கல. யூனிவர்சிட்டி தனியா கேக்கும், காலேஜ் அதுக்கு மேல கேக்கும், மத்திய அரசோட என்ஐஆர்எஃப் காலேஜ் ரேங்கிங்ல பேப்பர் எண்ணிக்கைக்கும் சைடேஷனுக்கும் மார்க் இருக்கறதால மேனேஜ்மென்ட் எல்லாத்துக்கும் மேல கேக்கும். ஸ்டிக்கர் மாறுதே தவிர கடை மூடல.

சரி நல்லதுலருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நல்லது நெஜமாவே இருக்கு. பைண்டிங் அருமை. ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, முதுகுல பேர் நேரா விழுந்திருக்கு, என் சீனியர் ஒருத்தர் வேற கடையில போட்டு முதுகுல "நெட்வொர்க்"ல ஒரு எழுத்து முழுங்கிப் போச்சு, வைவா அன்னிக்கு தான் பாத்தார். பக்கத்த ரெண்டு பத்தியா பிரிக்கற ஃபார்மேட்டிங்கும் சுத்தம். அதவிட அங்க கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கற ஒரு தம்பி, இருபத்தி மூணு இருபத்தி நாலு வயசு இருக்கும், என் கிராஃப பாத்ததும் "மேம், எக்செல்ல இருந்து அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்தீங்களா"ன்னு கேட்டான், வெக்கமா போச்சு. என் டேட்டாவ வாங்கி ஒரு மணி நேரத்துல புதுசா வரைஞ்சு குடுத்தான், எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாத மாதிரி. அது மட்டும் இல்ல, "மேம் ஏழாவது நோடு மட்டும் ஜூலையில ஏன் மொத்தமா விழுந்திருக்கு, மழையா"ன்னு கேட்டான். மழை இல்லப்பா, எறும்புன்னேன். நெஜம் தான், பிளாஸ்டிக் பொட்டிக்குள்ள எறும்பு புகுந்து கூடு கட்டி போர்டையே மண்ணால மூடிடுச்சு. எஸ்டேட் ரைட்டர் (கணக்குப்பிள்ளை) போன் பண்ணி "டீச்சரம்மா, உங்க பொட்டி உள்ள குடும்பமே நடக்குது, மருந்து அடிக்கட்டுமா"ன்னு கேட்டார். என் கைடு கூட கேக்காத கேள்வி, அஞ்சு நாள் அளவு முழுக்க அதுல போயிருக்கு, இந்த தம்பி கிராஃப பாத்தே கேட்டுட்டான். இவனுக்காகவே அஞ்சுக்கு அஞ்சு போடலாம். இவன ஏன் யாரும் பிஎச்டிக்கு எடுக்கலன்னு தெரியல.

அடுத்து ப்ரொஃபைல் வேலை. இங்க தான் நம்மூர்க்காரங்களுக்குன்னே ஒரு தலைவலி இருக்கு, கொஞ்சம் விரிவா சொல்றேன். நமக்கு குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல் தான், அது அப்பா பேர். ஜர்னல் வெப்சைட்ல "லாஸ்ட் நேம்"னு ஒரு கட்டம் கட்டாயம்னு சிவப்பு நட்சத்திரம் போட்டு நிக்கும். ஒரு பேப்பர்ல இனிஷியல போட்டேன், ஒண்ணுல அப்பா பேர முழுசா போட்டேன், கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு ஆர்வக்கோளாறுல வீட்டுக்காரர் பேர போட்டேன். விளைவு, ஸ்கோபஸ்ல நான் மூணு பொம்பளைங்க. ஒருத்திக்கு ரெண்டு பேப்பர், ஒருத்திக்கு ஒண்ணு, ஒருத்திக்கு ஒண்ணு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எஸ். குமார்னு தேடிப் பாருங்க, தமிழ்நாட்டு குமார் பாதிப் பேர் ஒரே ஆளா நின்னு இதய அறுவை சிகிச்சையும் பண்ணுவார், பாலமும் கட்டுவார், ரவுட்டிங் புரோட்டோகாலும் எழுதுவார். ஜெர்மனியில ட்ரியர்ல 1993-ல ஆரம்பிச்ச டிபிஎல்பின்னு கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பர் லிஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுல ஒரே பேர் உள்ளவங்களுக்கு பின்னாடி 0001, 0002ன்னு நம்பர் போட்டு பிரிச்சு வைப்பாங்க. கைதி நம்பர் மாதிரி இருந்தாலும் வேலை சுத்தம். சைடேஷன் எண்ணவே எண்ணாது, யார் என்ன எழுதுனாங்க, அவ்வளவு தான், அதனாலயே எனக்கு அது மேல மரியாதை. ஆராய்ச்சி பண்றவங்கள தனித்தனியா அடையாளம் காட்டற ஆர்கிட்னு பதினாறு இலக்க நம்பர் இலவசமா வாங்கிட்டு முதல் பேப்பர்லருந்தே போட்டிருந்தா இந்த பாடே இல்ல, புதுசா சேர்ற பசங்க இன்னிக்கே போய் வாங்கிக்கோங்க, அதுக்கு கடைக்கு காசு குடுக்காதீங்க. இவங்க 500 ரூபா வாங்கறாங்க, வீட்டுல உக்காந்தா அஞ்சு நிமிஷம்.

கடையில மூணு பொம்பளைங்களையும் ஒண்ணாக்க ரிக்வெஸ்ட் போட்டு குடுத்தாங்க, பத்து நாள்ல ஆச்சு, நல்ல வேலை. ஸ்காலர் ப்ரொஃபைலும் "நாங்களே சரி பண்றோம் மேடம்"னு ஓனர் சார் சொன்னார், லாகின் குடுத்தேன். குடுத்திருக்கக் கூடாது.

அன்னிக்கு ராத்திரி சாப்பாடு முடிச்சு சும்மா போன்ல பாக்கறேன், சைடேஷன் 11 இருந்தது 340 ஆயிருக்கு. ஹெச் 9. ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சுங்க, பொய் சொல்லல. அப்புறம் கீழ இறக்கிப் பாத்தா, எறால் பண்ணையில கிருமி ஆராய்ச்சி ஒண்ணு, பல் வேர் சிகிச்சை ஒண்ணு, கண்டிஷனல் மேட்ரிக்ஸ்னு ஏதோ கணக்கு ஒண்ணு, எல்லாத்துலயும் என் பேரும் இனிஷியலும் உள்ள யாரோ ஒரு அம்மா. ஸ்காலர்ல ப்ளஸ் குறி அமுக்கி கட்டுக்கட்டா பேப்பர் சேர்க்கலாம், யாரும் ஐடி கேக்க மாட்டாங்க, அதத்தான் செஞ்சு வெச்சிருக்காங்க. வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன், "பல்லு வலிக்குதுன்னு ரெண்டு வாரமா சொல்றேன், டாக்டர வீட்டுலயே வெச்சுக்கிட்டா"ங்கறார். ஒவ்வொண்ணா டிக் பண்ணி அழிச்சு முடிக்க மணி பன்னெண்டு. பாஸ்வேர்டும் மாத்தியாச்சு.

மறுநாள் போய் கேட்டா ஓனர் சார் கோச்சுக்கவே இல்ல, டீ சொன்னார். "இனிஷியல் ஒண்ணு தானே மேடம், யார் பாக்கப் போறா. சரி அது வேணாம்னா ஜெனியூனா பண்ணலாம்"னு ஒரு லேமினேட் பண்ண கார்ட எடுத்து வெச்சார். ஹோட்டல் மெனு மாதிரியே இருக்கு. சைடேஷன் ஒண்ணுக்கு இவ்வளவு, அம்பதா எடுத்தா டிஸ்கவுண்ட், யாரோ எழுதுன பேப்பர்ல நம்ம பேர சேர்க்க ரெண்டாவது ஆத்தர் சீட்டு ஒரு ரேட், முதல் ஆத்தர் ஒரு ரேட், கரஸ்பாண்டிங் ஆத்தர் தனி. காம்போ கூட இருக்கு. ஜெனியூன்னா எப்படி சார்ன்னேன். நம்ம கஸ்டமர் எழுதற பேப்பர்ல எல்லாம் உங்க பேப்பர ரெஃபரன்ஸா சேர்ப்போம், நீங்க அடுத்து எழுதறதுல அவங்களுத சேர்க்கணும், "மொய் மாதிரி தான் மேடம், நீங்க வெச்சா அவங்க வெப்பாங்க"ன்னார். மொய் நோட்டு வெச்சு ரிசர்ச் நடக்குதுன்னு அன்னிக்கு தான் தெரிஞ்சுகிட்டேன். மொய்யாவது சாப்பாட்டுக்கு அப்புறம் வெப்பாங்க.

நான் தயங்கறத பாத்துட்டு ஒரு சாம்பிள் பேப்பர் குடுத்தார், இன்னும் வெளிவராதது, சென்சார் நெட்வொர்க்ல எறும்புக் கூட்ட அல்காரிதம் வெச்சு ரவுட்டிங் (டேட்டா போக வழி தேடறது) பண்றதா தலைப்பு. படிக்க ஆரம்பிச்சேன், ரெண்டாவது பாராவுல "அண்டர்கிரவுண்ட் க்ரீப்பி க்ராலி"ன்னு ஒரு வார்த்தை. என்ன எழவு இதுன்னு நாலு தடவ படிச்சேன். பாதாளத்துல ஊர்ற ஜந்து. ஏதோ ஒரு பேப்பர காப்பி அடிச்சு, காப்பி செக்கிங் சாஃப்ட்வேர்ல மாட்டாம இருக்க வார்த்தை மாத்தற மெஷின்ல போட்டு எடுத்திருக்காங்க, அது "ஆன்ட்"ங்கறத எடுத்துட்டு பாதாள ஜந்துன்னு போட்டுடுச்சு. கீழ போனா சிக்னல் டு நாய்ஸ் இருக்க வேண்டிய இடத்துல "ஃப்ளாக் டு கமோஷன்", அதாவது கொடிக்கும் கூச்சலுக்கும் உள்ள விகிதம், கட்சி மாநாட்டுக்கு தான் அது பொருந்தும். கபானாக், லாபே, மகாசினோவ்னு மூணு பேர் இந்த மாதிரி சித்ரவதை பட்ட வார்த்தைங்கள பொறுக்கி 2021-ல ஒரு லிஸ்ட்டே போட்டாங்க. ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் அதுல "கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்", கள்ள நோட்டு மாதிரி கள்ள புத்தி. அந்த வார்த்தைங்கள வெச்சே தேடிப் புடிச்சு பேப்பர வாபஸ் வாங்க வெக்கறாங்க. என் பொட்டிக்குள்ள நெஜ எறும்பு கூடு கட்டி அஞ்சு நாள் அளவு போச்சு, இங்க ஏசி ரூம்ல எறும்ப பாக்காமயே ஒருத்தர் பாதாள ஜந்து ஓட்டறார்.

அதவிட பெரிய அதிர்ச்சி கடைசி பக்கம். ரெஃபரன்ஸ் 14, என் ஏற்காடு பேப்பர். நான் இன்னும் சரின்னு சொல்லல, காசு குடுக்கல, ஃபார்மேட்டிங்குக்கு குடுத்த அட்வான்ஸ் மட்டும் தான், அதுக்குள்ள என்னைய உள்ள உக்கார வெச்சிட்டாங்க. எந்த வரியில தெரியுமா, "ஆஃபீஸ் கட்டடத்துக்குள்ள வைஃபை வேகம் நல்லாருக்கு"ங்கற மாதிரி ஒரு வரிக்கு பக்கத்துல. என் பேப்பர்ல கட்டடமும் இல்ல, வைஃபையும் இல்ல, காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் தான். இதுல ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க, நம்ம ப்ரொஃபைல்ல தப்பா ஏறுன பேப்பர நாமளே அழிச்சிடலாம், ஆனா அடுத்தவன் நம்மள சைட் பண்ணா அத நாம அழிக்க முடியாது. நாளைக்கு அந்த பேப்பர் மாட்டுனா அதுல நம்ம பேர் ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல நிக்கும், நாம காசு குடுத்தோமா இல்லையான்னு யார் வந்து விசாரிப்பாங்க. எடுங்க சார்னு கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

அப்ப அவர் சொன்ன பதில் தான் எனக்கு ராத்திரி தூக்கத்த கெடுத்தது. "மேடம், நீங்க நெட்வொர்க்கிங் தானே, லீச் பேப்பருக்கு எவ்வளவு சைடேஷன்னு பாருங்க, பாதி நம்மாளுங்க போட்டது தானே"ன்னார். லீச்ங்கறது சென்சார் நெட்வொர்க்ல க்ளஸ்டர் ஹெட்ட, அதாவது ஒவ்வொரு நோடு கூட்டத்துக்கும் தலைவனா இருக்கற நோட, மாத்தி மாத்தி வெச்சு பேட்டரி மிச்சம் புடிக்கற முறை, ஹைன்செல்மன், சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் மூணு பேர் 2000-ல ஹவாய் கான்ஃபரன்ஸ்ல போட்டது. அதுல ரெண்டு பேர் நம்ம பக்கத்து ஆளுங்க, ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில பி.டெக் முடிச்சவர், 2023-ல மார்க்கோனி பரிசு வாங்கினார். (பேர மொத தடவ சொன்னப்ப வீட்டுக்காரர் அட்டைப்பூச்சியான்னு கேட்டார், இல்லீங்க, சத்தம் மட்டும் தான் அதே.) ஓனர் சார் சொன்னதுல பாதி உண்மை இருக்குங்க. நம்ம ஊர்ல சென்சார் நெட்வொர்க் பிஎச்டி பண்ண ஆளுங்கள வரிசையா நிக்க வெச்சா, பாதிப்பேர் கையில "லீச்சோட மாத்தியமைக்கப்பட்ட வடிவம்" ஒண்ணு இருக்கும், நூறு நோடு, தட்டையா ஒரு சதுர மைதானம், மேட்லாப் சாஃப்ட்வேர்ல ரன் பண்ணா என்னுது லீச்ச விட நல்லாருக்குன்னு ஒரு கிராஃப். மைதானத்துல ஒரு மேடு இருக்காது, மரம் இருக்காது, எறும்பு இருக்கவே இருக்காது. நானும் எம்.ஈ. ப்ராஜெக்ட்ல அதத்தான் பண்ணேன்.

ஆனா மீதி பாதி தப்பு. அத்தனை பேர் ஏன் லீச்ச புடிச்சு தொங்குறாங்கன்னா, அது புடிச்சுத் தொங்க ஒரு கிளை. அதுக்கு மேல கட்டலாம், உடைக்கலாம், ஒப்பிட்டுப் பாக்கலாம். பாதாள ஜந்து பேப்பர் மேல யார் என்ன கட்ட முடியும்? இன்னொண்ணு சொல்றேன். 1986 அக்டோபர்ல பெர்க்லியில ரெண்டு இடத்துக்கு நடுவுல, வெறும் 400 கஜ தூரம், நெட்வொர்க் வேகம் வினாடிக்கு 32 ஆயிரம் பிட்ல இருந்து 40 பிட்டுக்கு விழுந்துச்சு. 40 ஆயிரம் இல்லீங்க, நாப்பதே நாப்பது. ஐந்து ரோட்டுல சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்துல ஹாரன் அடிச்சு முன்னாடி முட்டுனா எப்படி யாரும் நகர மாட்டாங்களோ அதே தான், தொலைஞ்ச பாக்கெட்ட (டேட்டா துண்டு) எல்லாரும் திரும்பத் திரும்ப அனுப்பி அனுப்பி ரோட்டையே அடைச்சிட்டாங்க. வேன் ஜேக்கப்சன்ங்கறவர் உக்காந்து யோசிச்சு, மெதுவா ஆரம்பி, அடைப்பு தெரிஞ்சா சட்டுனு பாதியா குறை, அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா ஏத்துன்னு ஒரு வழி கண்டுபிடிச்சு 1988 சிக்காம் கான்ஃபரன்ஸ்ல எழுதுனார். அந்த யோசனையோட வாரிசு இப்ப நீங்க இத படிக்கற போனுக்குள்ளயும் ஓடிட்டு இருக்கு. அந்த பேப்பருக்கும் சைடேஷன் கொட்டிக் கிடக்கு, ஆனா சைடேஷன் சைபரா இருந்தாலும் அது ஓடிட்டு தான் இருக்கும்.

நம்ம ஃபீல்டுல இன்னொரு கோணல், பெரிய வேலை எல்லாம் கான்ஃபரன்ஸ்ல தான் வரும். சிக்காம், இன்ஃபோகாம், என்எஸ்டிஐ, இதுல ஒரு பேப்பர் வாங்கறதுக்குள்ள தாவு தீந்துடும், பெரும்பாலும் திருப்பித்தான் அனுப்புவாங்க. நம்ம ஃபார்ம்ல "கான்ஃபரன்ஸ்"னா ஜர்னலுக்கு கீழ, ஏன்னா ஃபார்ம் போட்டவங்க மனசுல கான்ஃபரன்ஸ்னா மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சர்டிஃபிகேட், குரூப் போட்டோ. அதுக்கு மேல ஆர்எஃப்சி. இன்டர்நெட் எப்படி ஓடணும்னு எழுதி வெச்ச பத்திரம் அது. ரூட்டர் அடைப்ப முன்கூட்டியே குறி போட்டு சொல்ற ஈசிஎன் முறைய 2001-ல ஆர்எஃப்சி 3168-ல எழுதுன மூணு பேர்ல ஒருத்தர் கே.கே. ராமகிருஷ்ணன், இன்னொருத்தர் மறைஞ்ச சாலி ஃப்ளாய்ட். அவங்க ரெண்டு பேரும் எங்க அப்ரைசல் ஃபார்ம நிரப்புனா ஆர்எஃப்சிக்கு கட்டமே இருக்காது, "இதர பணிகள்"ல என்எஸ்எஸ் கேம்ப்புக்கு பக்கத்துல எழுதணும்.

சைடேஷன் வாங்கறது எவ்வளவு லேசுன்னு காட்டவே மேல சொன்ன லாபே 2010-லயே ஒரு வேலை பண்ணார். ஐக் ஆன்ட்கேர்னு இல்லாத ஒரு ஆள உருவாக்கி, கம்ப்யூட்டரே கிறுக்குன நூறு பேப்பர அவர் பேர்ல போட்டு, ஒண்ணுக்கொண்ணு சைட் பண்ண வெச்சார். மொய்யே தான். ஸ்காலர் கணக்குல அந்த இல்லாத ஆளுக்கு ஹெச் 94, ஐன்ஸ்டீன தாண்டிப் போயிட்டார். இத ஓனர்கிட்ட சொன்னேன், அவர் முகத்துல ஒரு பெருமை தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, தொழில்காரருக்கு தொழில்காரர் மரியாதை போல. 2023-ல ஹிந்தாவிங்கற பப்ளிஷரோட ஜர்னல்கள்ல இருந்து எட்டாயிரத்துக்கு மேல பேப்பர வாபஸ் வாங்குனாங்களே சார், அதுல ஸ்பெஷல் இஷ்யூ பேப்பர் தான ஏகப்பட்டதுன்னேன். "அது அப்ப மேடம், இப்ப வேற பப்ளிஷர்"ன்னார்.

எனக்கு தெரிஞ்ச ஒருத்தர், காலேஜ் சொல்ல மாட்டேன், இப்படி சீட்டு வாங்கி பேப்பர் வந்து, வாசல்ல ஆளுயர ஃப்ளெக்ஸ் வெச்சாங்க, கீழ ப்ரின்சிபால் படம், சேர்மன் படம், ஓரத்துல ஒரு தாமரை. ஒரு வருஷத்துல பேப்பர் வாபஸ். ஃப்ளெக்ஸ ராவோட ராவா எடுத்தாங்க, இப்ப அது எங்கயோ மாட்டுக் கொட்டாய்க்கு கூரையா இருக்காம். காசு கேட்டா எந்த கடையும் தராது, ரசீதுல "டாக்குமெண்டேஷன் சார்ஜ்"னு தான் போடறாங்க.

வீட்டுக்கு வந்து என்னோட அந்த 11 சைடேஷன ஒவ்வொண்ணா தொறந்து பாத்தேன், இத்தன நாள் நம்பர மட்டும் தான் பாத்திருக்கேன், யார் என்னன்னு பாத்ததே இல்ல. நாலு நானே போட்டது. மூணு என் கைடு போட்டது. ரெண்டு, முன்னுரையில இருபது பேர மொத்தமா அடைப்புக்குள்ள போட்டு "பலரும் ஆராய்ந்துள்ளனர்"னு கடந்து போன வகை, ஷேர் ஆட்டோவுல கடைசி ஆளா தொங்கற மாதிரி. ஒண்ணு என்ன மொழின்னே தெரியல. பதினொண்ணாவது குடகு பக்கம் ஒரு பொண்ணு, மாஸ்டர்ஸ் படிக்குது, அதுவும் காப்பித் தோட்டம். என் பேப்பர்ல மூணாவது டேபிள்ல மஞ்சு நாள்ல சிக்னல் விழுந்த அளவு இருக்குல்ல, அத எடுத்து தன் தோட்டத்துல அளந்தத பக்கத்துல வெச்சு, என் கணக்கு ரெண்டு இடத்துல ஒத்து வரலன்னு எழுதியிருக்கு. படிச்சதும் மொதல்ல கோவம், அப்புறம் உக்காந்து பாத்தா அந்த பொண்ணு சொல்றது சரி, நான் ஆன்டெனா உயரத்த ஒரு இடத்துல தப்பா குறிச்சிருக்கேன். என்னைய தப்புன்னு சொன்ன அந்த ஒரு சைடேஷன் தான் என் பேப்பர முழுசா படிச்ச சைடேஷன். அடுத்த ஞாயித்துக்கிழமையே டேப்ப எடுத்துட்டு ஏற்காடு ஏறினோம், வீட்டுக்காரர் ஏணிய புடிச்சார், ரைட்டர் "மறுபடியும் எறும்பா டீச்சரம்மா"ன்னார்.

சரி கடைக்கு வரேன், போறவங்களுக்கு நடைமுறை விஷயம். காலையில பத்தரைக்கு தொறக்கறாங்க, மதியம் ரெண்டுலருந்து மூணு மூடல். வண்டி நிறுத்த இடம் கிடையாது, பேக்கரிக்காரர் திட்டுவார், ரெண்டு டீ குடிச்சிட்டா திட்ட மாட்டார். லிஃப்ட் இல்ல. பைண்டிங், ஃபார்மேட்டிங், கிராஃப் மூணுக்கும் கண்ண மூடிட்டு குடுங்க, அந்த தம்பி இருக்கானான்னு மட்டும் போன் பண்ணி கேட்டுட்டு போங்க. சிமிலாரிட்டி செக்கிங் உங்க காலேஜ் லைப்ரரியிலயே இருக்கும், அங்க கேளுங்க, வெளிய குடுத்தா உங்க பேப்பர் யார் கைக்கு போகுதுன்னு தெரியாது. லாகின், ஓடிபி எதையும் குடுக்காதீங்க. லேமினேட் கார்ட எடுத்தா டீய குடிச்சிட்டு எந்திரிச்சிடுங்க.

அப்ரைசல் ஃபார்ம்ல 11, 2, 0ன்னே எழுதி குடுத்துட்டேன். ஹெச்ஓடி பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, மூக்கு மேல கண்ணாடிய ஏத்திக்கிட்டார், அது நல்லதா கெட்டதான்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

2000 ரூபா அட்வான்ஸ் இன்னும் வரல, "திங்கக்கிழமை வாங்க மேடம்"னு மூணு திங்கக்கிழமை போயாச்சு. அந்த 14-வது ரெஃபரன்ஸ எடுத்தாச்சுன்னு சொல்றாங்க, நம்பிக்கை இல்ல, என்னைய யாராவது சைட் பண்ணா மெயில் வர்ற மாதிரி ஸ்காலர்ல அலர்ட் போட்டு வெச்சிருக்கேன். முன்னாடி எல்லாம் அந்த அலர்ட் வந்தா வீட்டுல பாயசம் வெக்கலாம்னு தோணும். முந்தாநாள் ராத்திரி ஒண்ணு வந்துச்சு, நெஞ்சு திக்குன்னுச்சு, விளக்கப் போட்டு கண்ணாடிய தேடி தொறந்து பாத்தா என் கைடோட புது பேப்பர்.